பி சைடில் ஐந்தாவது பாட்டு

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். 1996 தைப்பூசத்துக்கு மதுரையில் கல்லூரி விடுதியிலிருந்து ஆறு பேர் பழனிக்கு நடந்திருக்கிறீர்கள். கையில் ஒரு டேப் ரெக்கார்டர், ஒரே ஒரு பதிவு கேசட். வரும் தைப்பூசத்துக்கு அதே பாதையில் மறுபடி நடப்பதாக முடிவு செய்து, அந்தக் காலத்துப் பாட்டுகள் 400 திரட்டி பென் டிரைவில் ஏற்றியும் ஆயிற்று. ஆனால் வீட்டில் உட்கார்ந்து கேட்டால் ஒன்றும் ஆகவில்லை; போன மாதம் ஏதோ ஒரு டீக்கடையில் அதே பட்டியலில் உள்ள ஒரு பாட்டு தற்செயலாகக் காதில் விழுந்ததும் டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றுவிட்டீர்கள். அந்தக் காலப் பாட்டு நிஜமாகவே உசத்தியா, இல்லை நமக்கு வயதாகிவிட்டதா, மறுபடி நடந்தால் அது திரும்பி வருமா? இதுதான் எழுதியிருக்கிற கேள்வி. ஆனால் கடைசியில், போகிற போக்கில், இந்த முறை ஐந்து பேர்தான், டேப் வைத்திருந்தவனோடு பண விஷயத்தில் பேச்சு விட்டுப்போய் 14 வருடம் ஆகிறது என்று ஒரு வரி வருகிறதே, எனக்கென்னவோ உங்கள் கேள்வியே அந்த வரியில்தான் இருக்கிறது என்று படுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கலைக் கல்லூரியில் 24 வருடமாக உளவியல் பாடம் எடுக்கிறேன், நினைவாற்றல் பற்றிய தாள் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அதற்கு முன்னால், பிளஸ் டூ முடித்த கையோடு, படித்துக்கொண்டே ஆறு வருடம் திண்டுக்கல்லில் என் மாமாவின் ரெக்கார்டிங் சென்டரில், அதாவது கேட்கிற பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுக்கிற கடையில், கவுண்டருக்கு உள்ளே நின்றேன். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் பல வருடம் நடந்தும் இருக்கிறேன், உங்கள் பாதையில் பாதிதான் அது, 60 கிலோமீட்டர்தான், இருந்தாலும் கொப்புளம் கொப்புளம்தான். சங்கீதம் மட்டும் தெரியாது. ராகம் கண்டுபிடிக்கச் சொன்னால் முழிப்பேன். ஆகவே எந்தப் பாட்டு உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை, அது ஏன் நம்மைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். நாற்பதைத் தாண்டிய யாரிடமாவது வாழ்க்கையில் நடந்ததை நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பதுக்கும் நடுவில் நடந்தவை கணக்குக்கு மீறி அதிகமாக வரும். வரைபடம் போட்டால் அந்த இடத்தில் மட்டும் ஒரு மேடு தெரியும். பல நாடுகளில், பல மொழிக்காரர்களிடம், பல விதமாகச் சோதித்துப் பார்த்தும் அந்த மேடு மறையவில்லை. பாட்டு என்று வரும்போது அது இன்னும் துலக்கமாகத் தெரியும். 1989-இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 16 வயதிலிருந்து 86 வயது வரை 108 பேருக்கு, 1932 முதல் 1986 வரை வந்த 28 பாட்டுகளைப் போட்டுக்காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். ஒருவருக்கு அதிகம் பிடித்தவை, அவருக்கு ஏறக்குறைய 24 வயதாக இருந்தபோது பிரபலமான பாட்டுகள் என்று வந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த வயதை இன்னும் கீழே, பதின்ம வயதின் கடைசிக்கு இறக்கின. எந்த வயது என்பதில் சண்டை இருக்கிறது, மேடு இருக்கிறது என்பதில் சண்டை இல்லை. 1996-இல் உங்களுக்கு 20 இருக்கும் என்றால் மேட்டின் உச்சியில்தான் நின்றுகொண்டிருந்தீர்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு ஆய்வு. 2013-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கரோல் கிரம்ஹான்ஸல் என்பவர் இருபது வயது மாணவர்களிடம் 1955 முதல் 2009 வரை வந்த பாட்டுகளைப் போட்டுப் பார்த்தார். பிள்ளைகளுக்குத் தங்கள் காலத்துப் பாட்டு பிடித்தது, சரி. ஆனால் அவர்கள் பிறப்பதற்கு முன்னால், அவர்களுடைய அப்பா அம்மா இளவட்டமாக இருந்த காலத்துப் பாட்டிலும் ஒரு குட்டி மேடு எழுந்தது. வீட்டில் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது. என் விஷயத்தில் இது அப்படியே பொருந்தும். என் அப்பா இலங்கை வானொலிப் பைத்தியம். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது குரல்களுக்கு நடுவில் வந்த பாட்டுகள் எதுவும் என் காலத்தவை அல்ல, ஆனால் கேட்டால் எங்கள் வீட்டுத் திண்ணையும், அப்பா முகம் மழிக்கிற கண்ணாடியும் சேர்ந்து வந்துவிடும்.

மேடு ஏன் வருகிறது என்று கேட்டால், இங்கிருந்து சந்தேகப் பகுதி ஆரம்பம். முதல் முறையாக நடப்பவை அந்த வயதில்தான் குவிகின்றன, அதனால் நிற்கின்றன என்று ஒரு கட்சி. மூளை முதிர்ந்து உச்சத்தில் இருக்கிற வயது என்று ஒரு கட்சி. நான் யார் என்று ஒருவன் தீர்மானிக்கிற வயது, அதற்குப் பயன்பட்ட சாமான்களைத் தூக்கிப்போட மாட்டான் என்று மூன்றாவது கட்சி. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, எதுவும் மற்றதை வீழ்த்தவில்லை. மூளைப் படம் எடுத்துக் காட்டி, பாட்டுக்கும் நினைவுக்கும் இதோ இந்த இடம்தான் என்று செய்தித்தாளில் போடுவார்கள். 2009-இல் வந்த பிரபலமான ஆய்வு ஒன்று நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியைக் காட்டியது, நல்ல ஆய்வுதான், ஆனால் அதில் ஸ்கேன் கருவிக்குள் படுத்தவர்கள் 13 பேர்தான். அதை வைத்து உங்கள் டீக்கடைக் கண்ணீருக்கு விளக்கம் சொன்னால் நான் அளக்கிறேன் என்று அர்த்தம்.

அந்தக் காலப் பாட்டு உசத்தியா என்பதற்குக் கடைப்பையனாகப் பதில் சொல்கிறேன். 1992-இல் ‘ரோஜா’ கேசட் வந்தபோது, ரஹ்மான் என்ற புதுப் பையன் என்று நாங்கள் மெய்மறந்து நின்றோம். எங்கள் மாமா, 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது இளவட்டமாக இருந்தவர், கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, “இது கம்ப்யூட்டர்டா, பாட்டில்லை” என்றார். அதே மாமாவிடம் 1976-இல் யாரோ பெரியவர், இது என்ன பறைக்கொட்டுச் சத்தம், விஸ்வநாதன் ராமமூர்த்தி மாதிரி வருமா என்று சொல்லியிருக்கிறார், அதையும் மாமாவே சொல்லிச் சிரிப்பார். இன்னொன்று, எங்கள் கடையில் ஒரு நீள நோட்டு உண்டு, வாடிக்கையாளர் பெயர், கேட்ட பாட்டுகள், கொடுக்க வேண்டிய தேதி. மாமா இறந்த பிறகு அதைப் புரட்டினேன். ஒரு பக்கத்துக்கு 20 பாட்டு என்றால் அதில் ஆறோ ஏழோதான் இன்றைக்கும் காதில் விழுகிறது. மீதி எல்லாம், அந்த வாரம் ஊரே அலறிய பாட்டுகள், போன இடம் தெரியவில்லை. முதல் வரி எழுதியிருந்தும் எனக்கே மெட்டு வரவில்லை, நானே பதிந்து கொடுத்தவை அவை. நாம் ஒப்பிடுவது 30 வருடம் சலித்து மிஞ்சிய அந்த ஆறேழு பாட்டுகளை, நேற்று வந்து இன்னும் சலிக்கப்படாத நூறு பாட்டுகளோடு. இது நியாயமான போட்டி இல்லை. அதற்காக எல்லாக் காலமும் சமம் என்றும் சொல்ல மாட்டேன், அதைச் சொல்ல இசை தெரிந்தவர் வேண்டும்.

சரி, வீட்டில் ஏன் ஒன்றும் ஆகவில்லை? ஒரே ஆணியில் பத்துச் சட்டை மாட்டினால் அடியில் கிடக்கிற சட்டை கைக்கு வராது. நினைவு பற்றிய படிப்பில் இது பழைய, உறுதியான விதி. நினைவைத் தூண்டுகிற ஒரு குறிப்போடு, இங்கே ஒரு பாட்டோடு, எத்தனை விஷயங்கள் சேர்கின்றனவோ, அத்தனைக்கு அந்தக் குறிப்பு எதையும் இழுத்துத் தரும் பலத்தை இழக்கிறது. உங்கள் 400 பாட்டில் பெரும்பாலானவை மிகப் பிரபலமானவை என்று நினைக்கிறேன். அவற்றை நீங்கள் 1996-க்குப் பிறகு காரில் கேட்டிருக்கிறீர்கள், கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் குழு பாடக் கேட்டிருக்கிறீர்கள், டிவியில் பிள்ளைகள் போட்டி போட்டுப் பாட, நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறீர்கள், ஊரில் பாதிப் பேர் போனில் ரிங்டோனாகவும் கேட்டிருப்பீர்கள். ஆணி நிறையச் சட்டை. பழனிப் பாதை அடியில் நசுங்கிக் கிடக்கிறது. டீக்கடையில் விழுந்தது எந்தப் பாட்டு என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஒரு ஊகம் சொல்கிறேன். அது பெரிய ஹிட் பாட்டாக இருக்காது. படமும் ஓடியிருக்காது. 1996-க்குப் பிறகு அதை நீங்கள் நாலைந்து தடவைகூடக் கேட்டிருக்க மாட்டீர்கள். தவறென்றால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். அதோடு, அது தானாக வந்தது. நினைவைத் தேடிப் போய் உட்கார்ந்தால், இதோ வருகிறதா வருகிறதா என்று நாமே வாசலில் நின்று மறித்துக்கொள்கிறோம்.

கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது. லாரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் வருவார். அவருடைய பழைய கேசட் ஒன்றை பிளேயர் தின்றுவிட்டது, நாடா கசங்கி நூடுல்ஸ் மாதிரி வெளியே வந்துவிட்டது. பட்டியல் அவருக்கு மனப்பாடம். நான் அதே பாட்டுகளை, அதே வரிசையில், நல்ல ரெக்கார்டிலிருந்து எடுத்து, நல்ல டிடிகே கேசட்டில், ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, என் திறமையெல்லாம் காட்டிப் பதிந்து கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். “பாட்டெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு தம்பி. ஆனா ரெண்டாவது பாட்டு முடிஞ்சதும் டொக்குனு ஒரு சத்தம் வரும். அது வரலை.” பழைய கேசட்டில் யாரோ பாஸ் பட்டனை அழுத்திய சத்தம் அது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் மாமாதான் எழுந்து வந்து, கசங்கிய நாடாவில் தேறிய பகுதியைக் கத்தரித்து ஒட்டி, பழைய கூட்டிலேயே மாட்டிக் கொடுத்தார். பல இடத்தில் பாட்டு தாவும். அதை வாங்கிக்கொண்டு நான் பதிந்ததை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் கேசட்டைப் பாருங்கள். அது சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். உள்ளே கிட்டத்தட்ட 90 மீட்டர் நாடா, வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அந்தக் காலப் பாட்டு ஐந்து நிமிடத்துக்குச் சற்று முன்னே பின்னே இருக்கும், ஆகவே ஐந்து முழுசாக வரும், ஆறாவது இழுபறி. பையன்களிடம் கேட்போம், கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகும், பரவாயில்லையா என்று. “இருக்கட்டும்ணே, வர்ற வரைக்கும் வரட்டும்” என்பார்கள். அப்படி அறுந்த பாட்டை இன்றைக்கு முழுசாகக் கேட்டால், சரணத்தில் குறிப்பிட்ட ஒரு இடம் வந்ததும் மனது நின்றுவிடும், அதற்கப்புறம் வருவது வேறு யாருடைய பாட்டோ போல இருக்கும். அடுத்தது பேட்டரி. நாலு நாள் நடையில் உங்கள் டேப்புக்குப் பெரிய பேட்டரி ஆறு போட்டாலும் மூன்றாம் நாள் இழுக்க ஆரம்பித்திருக்கும். மோட்டார் தளர்ந்தால் பாட்டின் வேகம் மட்டும் குறையாது, சுருதியும் இறங்கும். ஆறு சதவீதம் வேகம் குறைந்தால் அரைச் சுரம் கீழே. எஸ்.பி.பி. குரல் யாரோ தூக்கத்தில் பாடுவது போல ஆகும். அப்புறம் பேட்டரியைக் கழற்றி வெயிலில் காயவைத்திருப்பீர்கள், எல்லோரும் செய்ததுதான், சாலையோரக் கல்லில் ஆறு பேட்டரியையும் வரிசையாக அடுக்கி, அதைச் சுற்றி உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு. சூட்டில் கொஞ்சம் உயிர் வரும், இரண்டு பாட்டு ஓடும். ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் நீங்கள் கேட்டது இசையமைப்பாளர் போட்ட சுருதியே இல்லை. உங்களுக்குப் பழக்கமானது அந்தத் தளர்ந்த சுருதி, அந்த வரிசை, அந்த அறுந்த இடம். பென் டிரைவில் இருப்பது சுத்தமான பிரதி. லாரிக்கார அண்ணனிடம் நான் கொடுத்தது போல.

இனி பாதயாத்திரை. பழனிக்குப் போகிற வழியில் சினிமாப் பாட்டு போட்டது தப்பா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். பக்தி விஷயத்தில் நான் யாருக்கும் தடை உத்தரவு போடுகிறவன் இல்லை, ஆனால் வரலாறு உங்கள் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறது. காவடிக்கும் மெட்டுக்கும் உறவு பழசு. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கழுகுமலை முருகன் மேல் காவடிச்சிந்து பாடினார் என்றால், அதன் துள்ளல் அப்படியே ஆட்டத்துக்கும் நடைக்கும் பொருந்தும். பின்னால் அந்த மெட்டுகளைச் சினிமா எடுத்துக்கொண்டது, சினிமா மெட்டுகளைப் பாதயாத்திரைப் பஜனைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கடையில் தை மாதம் வந்தால் டி.எம்.எஸ்., சீர்காழி, சூலமங்கலம் சகோதரிகளின் கவசம் எல்லாம் ஒரு பக்கம் ஓட, பிரபலமான சினிமா மெட்டில் முருகன் வரிகளைப் போட்ட கேசட்டுகள் அதைவிட வேகமாக ஓடும். மனிதன் நடக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முதல் 120 அடி வைக்கிறான். அந்த வேகத்தில் தாளம் விழுகிற பாட்டு எதுவானாலும் கால் அதைப் பிடித்துக்கொள்ளும், பாட்டு யாரைப் பற்றியது என்று கால் கேட்பதில்லை.

சேர்ந்து நடப்பதில் என்ன இருக்கிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். 2009-இல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, சில குழுக்களை ஒரே அடி வைத்தும் சிலரைச் சும்மாவும் வளாகத்தைச் சுற்றி நடக்கவைத்தார்கள். ஒரே அடி வைத்து நடந்தவர்கள் பின்னால் ஆடிய ஒரு விளையாட்டில் ஒருவரையொருவர் அதிகம் நம்பி ஒத்துழைத்தார்கள். ஸ்பெயினில் சான் பெட்ரோ மான்ரிகே என்ற கிராமத்தில், நம்மூர் பூக்குழி மாதிரியே, வருடா வருடம் தீ மிதிப்பார்கள். அங்கே மிதிப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கருவி மாட்டினார்கள். மிதிப்பவரின் துடிப்பு ஏறி இறங்கிய அதே விதத்தில், வேடிக்கை பார்த்த உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியது. வெறும் வெளியூர் ஆட்களுக்கு அப்படி நடக்கவில்லை. இதில் எனக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. முதல் ஆய்வு மாதிரியான பரிசோதனைகளில் கிடைக்கிற விளைவு சின்னது, சில நிமிடங்களுக்கு மேல் சோதித்ததும் குறைவு. நாலு நாள் நடை 30 வருடம் நிற்கும் என்று அதிலிருந்து நேராகக் கோடு போட முடியாது. கோடு போட ஆசையாக இருக்கிறது, அது வேறு.

எப்படியானாலும் இந்தத் தடவை ஐந்து பேரும் ஐந்து இயர்போன் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டாம். தைப்பூச நாட்களில் இரவில் லாரியும் பஸ்ஸும் போகிற சாலையில் காதை அடைத்துக்கொண்டு நடப்பது ஆபத்து, பின்னால் வருகிற சத்தம்தான் உங்களுக்குக் காவல். முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். இன்னொரு காரணம், 1996-இல் அந்தப் பாட்டு ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கேட்டது. பிடிக்காத பாட்டையும் சகித்துக்கொண்டுதான் கேட்டீர்கள், ஏனென்றால் ஃபார்வர்டு பண்ணினால் பேட்டரி தீரும். நான் ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் கல்லூரித் தோழர்களோடு நடந்தபோது ஒரு பெரிய புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிப்போனேன். சொதப்பல். ஒருவன் பாட்டு பல்லவி முடியுமுன்னே அடுத்தவன் போனை வாங்கி மாற்றுவான், அவன் பாட்டுக்கு இன்னொருவன் முகம் சுளிப்பான், ரெட்டியார்சத்திரம் போவதற்குள் அறுபது பாட்டு ஆரம்பித்து ஒன்றும் முடியவில்லை. விருப்பாட்சியில் ஸ்பீக்கரைப் பையில் போட்டுவிட்டு மலைவாழைப்பழம் வாங்கித் தின்றுகொண்டு பேசாமல் நடந்தோம், அதற்கப்புறம்தான் பேச்சே வந்தது.

திரும்பி வருமா? இடம் மாறிவிட்டது. சாலை அகலமாகி நிழல் தந்த புளிய மரங்கள் பல போய்விட்டன. ரோப் கார் 2004-இல் வந்தது, நீங்கள் போனபோது கிடையாது. 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலுக்குப் போன் கொண்டுபோகத் தடை, அடிவாரத்திலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் படியேற வேண்டும், ஆகவே உங்கள் பாட்டு எல்லாம் கீழேயே நின்றுவிடும். (அன்றைக்கு டேப் ரெக்கார்டரைக் கீழே யார் வைத்துக்கொண்டு நின்றது? யோசித்துப் பாருங்கள்.) கற்ற இடத்துக்கே போனால் நினைவு நன்றாக வரும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற ஆதாரம் உண்டு. 1975-இல் ஸ்காட்லாந்தில் முக்குளிப்பவர்களைத் தண்ணீருக்கடியில் வார்த்தைகளை மனப்பாடம் செய்யவைத்தார்கள், அங்கே கற்றது அங்கேயே நன்றாக நினைவுக்கு வந்தது. இதை 20 வருடம் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். 2021-இல் ஒருவர் அதைத் திரும்பச் செய்துபார்த்தார், அந்த முடிவு வரவில்லை. ஆகவே அதே சாலையில் கால் வைத்தால் எல்லாம் கொட்டும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சில இடங்களில் சட்டென்று வரும். ஆயக்குடி தாண்டி மலை கண்ணில் படுகிற இடத்தில் வரும் என்று நினைக்கிறேன், எனக்கு ஒவ்வொரு முறையும் அங்கேதான். வந்தாலும் இனிப்பு மட்டும் வராது. இந்த ஏக்கத்துக்கு 1688-இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் முதலில் பெயர் வைத்தபோது, ஊரை விட்டுப் போனவர்களைப் பிடிக்கிற நோய் என்றுதான் வைத்தார். இப்போது யாரும் நோய் என்பதில்லை. தனிமையில் இருக்கும்போது அதிகம் எழும், எழுந்தபின் மனிதர்களோடு நெருக்கமாக உணரவைக்கும் என்பதுவரை ஆய்வுகள் ஓரளவு ஒத்துப்போகின்றன. எந்த மனிதர்களோடு என்பதுதான் உங்கள் சிக்கல்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த 400-ஐ வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்த ஒரு கேசட்டைத் திரும்ப உண்டாக்குங்கள், ஏ சைடு ஐந்தரைப் பாட்டு, பி சைடு ஐந்தரைப் பாட்டு, அதே வரிசை, அறுந்த இடத்தில் அறுத்துவிடுங்கள், வேகத்தைக் குறைக்கிற செயலிகூடப் போனில் இருக்கிறது. ஆனால் ஐந்து பேரும் வாட்ஸ்அப் குழுவில் கூடி, முதல் பாட்டு இதுதானேடா என்று ஆரம்பித்துவிடாதீர்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் பலமுறை நிரூபணமானது: ஒரு குழு சேர்ந்து உட்கார்ந்து நினைவுகூர்ந்தால், அதே ஆட்கள் தனித்தனியே நினைவுகூர்ந்ததைக் கூட்டினால் வருவதைவிடக் குறைவாகவே வரும். ஒருவன் அடித்துச் சொன்னதும் மற்றவன் கையில் வைத்திருந்த நூல் அறுந்துவிடுகிறது. ஆகவே ஆளுக்கொரு தாள். வரிசையும் எழுதுங்கள், எந்தப் பாட்டுக்கு எங்கே நடந்துகொண்டிருந்தோம் என்பதையும் எழுதுங்கள், தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். பிறகு ஐந்து தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

என் கணிப்பு, ஏ சைடு தேறிவிடும். பி சைடில் நடுவிலோ கடைசியிலோ ஒரு ஓட்டை விழும், அதை ஐந்து பேரில் யாராலும் அடைக்க முடியாது. சேர்ந்து வாழ்கிறவர்களும் சேர்ந்து திரிகிறவர்களும் நினைவைப் பங்குபோட்டு வைத்துக்கொள்வார்கள், இது அவனுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டு நாம் அந்தப் பாரத்தைச் சுமக்க மாட்டோம். கணவன் மனைவியிடம் இதை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். உங்கள் கூட்டத்தில் கேசட்டைத் திருப்பிப் போட்டவன், பேனாவை விட்டு நாடாவைச் சுற்றியவன், பட்டியல் எழுதி எங்களைப் போன்ற ஒரு கடையில் கொடுத்தவன் ஒரே ஆள், பேச்சு விட்டுப்போன அந்த ஆறாவது ஆள். பண விஷயத்தில் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது, அதில் நான் தலையிடவும் இல்லை. அதைப் பேச வேண்டியும் இல்லை. தைப்பூசத்துக்கு வருகிறாயா என்று கேட்டால் அவர் பழசையெல்லாம் நினைத்து யோசிப்பார், நீங்களும் நாலு நாள் யோசித்துவிட்டுக் கூப்பிடாமல் விடுவீர்கள். போன் போட்டு, எடுத்த எடுப்பில், பி சைடில் அஞ்சாவது பாட்டு என்னடா என்று மட்டும் கேளுங்கள்.